கடற்காற்றும் ஸ்லைடிங் கதவுப் பூட்டும்

குமரி மாவட்டத்துக் குளச்சலில் இருந்து தேங்காப்பட்டணம், கொல்லங்கோடு தாண்டி நீரோடி வரைக்கும் கடலோரமாகப் போனால், வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளில் பால்கனிக்கோ பின்பக்க சிட்அவுட்டுக்கோ ஒரு கண்ணாடி ஸ்லைடிங் கதவு நிற்கும். மரக்கதவு மக்கர் பண்ணினால் ஆசாரியைக் கூப்பிடலாம். இதற்கு ஆள் கிடைப்பதுதான் பாடு. போட்டுத் தந்தவர் போனை எடுக்கவே மாட்டார். எடுத்தாலும், "அந்த மாடல் இப்ப வரதில்ல, முழுசா மாத்திடலாம்" என்பார். ஒடிந்தது ஒரு விரல் நீளக் கொக்கி. அதற்குக் கதவையே மாற்றுவது செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதை. சரியான பூட்டு கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்தச் சரியான பூட்டைக் கண்டுபிடிப்பதிலும், பழையது ஏன் போனது என்று பார்ப்பதிலும்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. கதவைப் பாதி திறந்து நிறுத்துங்கள். கைப்பிடியையோ நெம்பையோ பூட்டுகிற திசையில் திருப்புங்கள். கொக்கி முழுசாக வெளியே வந்து, திருப்பினால் முழுசாக உள்ளே போகிறதா? போகிறது என்றால் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திய பிறகு மட்டும் மாட்டவில்லை என்றால் கதவு இறங்கியிருக்கிறது. அடியில் இருக்கிற இரண்டு ரோலரில் ஒன்று தேய்ந்து, கதவு மூன்று நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும். கொக்கி போய்ச் சேர வேண்டிய துவாரத்தின் கீழ்விளிம்பில் இடிக்கும். வீட்டில் யாராவது கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே பூட்டுவார்கள், அது பழக்கமாகிவிடும். ஒரு நாள் தூக்க மறந்து கைப்பிடியை அழுத்தித் திருப்பும்போது துத்தநாக வார்ப்பில் செய்த கொக்கி பட்டென்று போகும். அந்தக் கதவில் ரோலரைத் தொடாமல் பூட்டை மட்டும் மாற்றினால், புதுப் பூட்டும் அதே வழியில் அதே இடத்தில் ஒடியும்.

திறந்து வைத்துத் திருப்பும்போதே கைப்பிடி சும்மா சுற்றினால் இரண்டாவது சோதனை. கைப்பிடியின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி அதை எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் சதுரக் கம்பியை கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்புங்கள். கொக்கி ஓடினால் உள்ளே கியர் நன்றாக இருக்கிறது, கைப்பிடியின் உட்குழிதான் தேய்ந்து வட்டமாகிவிட்டது. கைப்பிடி மட்டும் வாங்கினால் போதும், பூட்டின் காசு மிச்சம். கம்பியும் திரும்பி கொக்கி மட்டும் அசையவில்லை என்றால்தான் பூட்டு போனது உறுதி.

மூன்றாவது ஒன்று நம் ஊருக்கே உரியது. கொக்கி பாதி வந்து நின்றுவிடும். பூட்டைப் பழிப்பதற்கு முன் எதிர்ச் சட்டத்தில் கொக்கி நுழையும் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் பல்லி முட்டையிட்டு வைத்திருக்கும். ஒரு மாதம் திறக்காத மாடிக்கதவு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சின்னத் திருப்புளியால் மண்ணைச் சுரண்டி எடுத்ததும் பூட்டு பழையபடி விழும்.

இனி ரோலர். கதவின் பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில், தரையில் இருந்து இரண்டு விரல் உயரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உள்ளே ஸ்டார் தலை ஸ்க்ரூவோ ஆலன் குழியோ தெரியும். கதவின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதைத் திருகினால் ரோலர் இறங்கும், கதவு எழும்பும். பெரும்பாலும் வலப்பக்கம் திருகினால் எழும்பும், சிலவற்றில் தலைகீழ். அரைச்சுற்று திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கதவின் முழுப் பாரமும் அந்த ஸ்க்ரூவின் மேல் இருக்கிறது. இன்னொருவர் தட்டையான கம்பியை அடியில் கொடுத்துக் கதவை லேசாகத் தூக்கிப் பிடிக்காமல் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். மழுங்கினால் கதவைக் கழற்றுவது தவிர வழியில்லை.

எவ்வளவு எழுப்புவது? கதவை முழுசாகச் சாத்தாமல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் விடுங்கள். அந்த இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே வேறொரு அளவுமாக இருந்தால் கதவு சாய்ந்திருக்கிறது. மேலும் கீழும் ஒரே அளவாக வரும்வரை இரண்டு ரோலரையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருகுங்கள். மேல் ட்ராக்கில் உரசத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

மலிவான அலுமினியச் சட்ட செக்‌ஷன்களில் இந்தச் சரிசெய்யும் ஸ்க்ரூவே கிடையாது. ரோலர் தேய்ந்தால் கதவைக் கழற்றி மாற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர், மூன்று பேர் என்றால் நல்லது. கண்ணாடியின் பாரம் கணக்குப் போடச் சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரைக் கிலோ. மூன்றடிக்கு ஏழடி கதவு கிட்டத்தட்ட இரண்டு சதுர மீட்டர், 5 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் அது மட்டும் 25 கிலோ. சட்டத்தின் பாரம் தனி. யுபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் உள்ளே இரும்புக் குழாய் வேறு இருக்கும். கதவை நேராக மேலே தூக்கி, மேல் ட்ராக்கின் குழிக்குள் ஏற்றி, அடிப்பக்கத்தை உள்வாக்கில் இழுத்து இறக்க வேண்டும். தூக்க விடாமல் மேல் ட்ராக்கில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டை ஸ்க்ரூ போட்டு இருக்கலாம், அதை முதலில் கழற்றுங்கள். இறக்கிய கதவை டைல்ஸில் வைக்காமல் பழைய சாக்கின் மேல் வையுங்கள். டஃபன்டு (உறுதியாக்கிய) கண்ணாடி நடுவில் குத்தினால்கூடத் தாங்கும், ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் மொத்தமும் பொடிந்து கொட்டும்.

ரோலர் ஏன் இத்தனை சீக்கிரம் தேய்கிறது என்றால் மணல். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் சாதாரண மணலைவிடக் கனமானது. ட்ராக்கில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் வெள்ளை மணல் ஓடிவிடும், கருமணல் மூலையில் போய்த் தங்கி நிற்கும். அதன் மேல் ரோலர் நாள் முழுக்க ஓடினால் அரைக்கிற வேலைதான் நடக்கும். ஈரமில்லாமல் பெயிண்ட் பிரஷ்ஷாலோ வேக்குவம் க்ளீனரின் சின்ன முனையாலோ எடுத்தபிறகுதான் தண்ணீர். அதோடு ட்ராக்கின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் வடிய நீளவாக்கில் துளைகள் இருக்கும். அதை ஈர்க்கில் விட்டுக் குத்தி விடுங்கள். இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், இந்தத் துளை அடைந்து கிடந்தால் ட்ராக்கில் தண்ணீர் நின்று, ரோலரின் பேரிங் உள்ளுக்குள் துருப்பிடித்துச் சுற்றாமல் நிற்கும். சுற்றாத சக்கரம் ஒரு பக்கமாகத் தட்டையாகத் தேயும். கதவு "டக் டக்" என்று குதித்துக் குதித்து ஓடினால் அது இதுதான்.

சரி, பூட்டு உண்மையிலேயே போய்விட்டது. கடைக்குப் போய் "ஸ்லைடிங் பூட்டு" என்று மட்டும் கேட்டால் நாலைந்து வகையை எடுத்து முன்னால் போடுவார்கள். அலுமினியக் கதவில் அதிகம் பார்ப்பது டச் லாக்: சட்டத்தில் நீளமாக ஒரு துளை வெட்டி உள்ளே இறக்கியிருக்கும், கதவைத் தள்ளினால் நாக்கு தானாக விழும். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் வெட்டின் அளவு வேறு, ஒன்றுக்கு ஒன்று சேராது. இரண்டு கதவும் சந்திக்கும் இடத்தில் பிறை மாதிரி ஒன்று சுழன்று மாட்டுகிறதே, அது கிரசன்ட் லாக். வெளியே இரண்டு ஸ்க்ரூதான், மாற்றுவது ஐந்து நிமிஷம். ஆனால் இடம் வலம் உண்டு, பெரும்பாலானவற்றுக்குத் தாக்கோலும் (சாவியும்) இல்லை. அதை மட்டும் நம்பி வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகாதீர்கள். நல்ல யுபிவிசி கதவுகளில் வருவது சட்டத்துக்குள் புதைத்த ஹூக் லாக், அல்லது மேலிருந்து கீழ் வரை நீளமான பட்டையில் இரண்டு மூன்று கொக்கி வரும் மல்டிபாயின்ட். கீழே சொல்வது இந்த இரண்டுக்கும்.

அளவு எடுப்பதில் அவசரப்பட்டால் இரண்டாவது தடவை பஸ் ஏற வேண்டி வரும். பழைய பூட்டைக் கையோடு கொண்டு போவதுதான் உத்தமம். முடியாதென்றால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், மில்லிமீட்டரில் எழுதுங்கள். முகத்தட்டின், அதாவது கதவின் விளிம்பில் தெரியும் பூட்டுத் தகட்டின், நீளம், அகலம். அதில் உள்ள ஸ்க்ரூ துளைகளின் நடுவிலிருந்து நடு. முகத்தட்டின் வெளிமுகத்தில் இருந்து சதுரக் குழியின் நடு வரைக்குமான தூரம், கடையில் பேக்செட் என்பார்கள். ஒடுக்கமான ஸ்லைடிங் சட்டங்களில் இது 15 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும், சாதாரணக் கதவுப் பூட்டில் 25, 30 என்று போகும். சதுரக் கம்பி 7 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்பது இன்னொன்று. 8 குழியில் 7 கம்பியைப் போட்டால் முதல் நாளே ஆடும், ஆறு மாதத்தில் குழி வட்டமாகும். தாக்கோல் உள்ள மாடல் என்றால் சதுரக் குழியின் நடுவில் இருந்து தாக்கோல் நுழையும் சிலிண்டரின் நடு வரை: 85, 92 இரண்டும் பரவலாகக் கிடைக்கிறது. 7 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, வீட்டில் வந்து மாட்டும்போதுதான் கைப்பிடியின் துவாரம் சிலிண்டருக்கு நேராக வராமல் நிற்கும். கடைசியாக, கொக்கியின் வாய் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா. இதை எழுதாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

துபாயில் இருந்து வருகிற ஆளிடம் பூட்டு சொல்லி அனுப்புவது இங்கே ஒரு வழக்கம். பூட்டு தரமாகத்தான் இருக்கும், பேக்செட் சேராது. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கிடைக்கவில்லை என்றால் திருவனந்தபுரம் சாலை பஜார் பக்கம் தேடலாம். அங்கே கேட்கும்போது கொக்கியை "கொளுத்து" என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாருங்க, ஒட்டலை, ஒரிஜினல் ஸ்டீல்" என்பார். அந்தச் சோதனையில் பெரிய பிரயோஜனம் இல்லை. 202 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, 304இலும் ஒட்டாது. கடலுக்கு அரை மைலுக்குள் இருக்கும் வீட்டில் 202 சீக்கிரமே பழுப்புக் கண்ணீர் விட ஆரம்பிக்கும். பெட்டியில் 304 என்று அச்சிட்டிருப்பதைக் கேளுங்கள், மாலிப்டினம் கலந்த 316 கிடைத்தால் உப்புக்காற்றுக்கு அதுதான் ஏற்றது. பூட்டு உடம்பைவிட ஸ்க்ரூவிலும் ஸ்பிரிங்கிலும் பணம் போடுவது லாபம்.

கழற்றுவதற்கு மழை இல்லாத நாளின் காலைப்பொழுதைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது சிக்கினால் கடைக்குப் போய்வர நேரம் வேண்டும். சிலிண்டர் இருந்தால் முதலில் அது: முகத்தட்டில் சிலிண்டரின் நேரே ஒரு நீளமான M5 ஸ்க்ரூ இருக்கும். அதை முழுசாக எடுத்துவிட்டு, தாக்கோலைப் போட்டு பத்துப் பதினைந்து டிகிரி மட்டும் திருப்பிக்கொண்டே இழுங்கள். நடுவில் துருத்தி நிற்கும் பல் உடம்போடு சமமாக வரும் ஒரு நிலையில்தான் சிலிண்டர் வெளியே வரும். வரவில்லை என்று சுத்தியலால் தட்ட வேண்டாம், தாக்கோலை இன்னும் கொஞ்சம் முன்னே பின்னே திருப்பிப் பாருங்கள். பிறகு கைப்பிடி, சதுரக் கம்பி, கடைசியாக முகத்தட்டின் ஸ்க்ரூக்கள்.

இந்தக் கடைசி இடத்தில்தான் கடலோர வீடுகளில் வேலை நிற்கும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் ஸ்க்ரூ, நடுவில் உப்பு ஈரம்: அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, அந்தப் பொடி ஸ்க்ரூவைச் சிமென்ட் மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் சரியான அளவுத் திருப்புளியைத் தலையில் வைத்து, பின்பக்கம் சுத்தியலால் நாலு தட்டு. பிறகு முதலில் ஒரு மயிரிழை இறுக்குகிற பக்கம், அதன்பின் கழற்றுகிற பக்கம். தலை மழுங்கிவிட்டால் 5 மில்லிமீட்டர் பிட் போட்டு மெதுவான வேகத்தில் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடலாம். முகத்தட்டு கையோடு வந்ததும் மிச்சக் காம்பை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகுங்கள். யுபிவிசியில் சூடு காட்டும் யோசனையே வேண்டாம், சட்டம் குழைந்துவிடும்.

பழைய பூட்டு வெளியே வந்ததும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி, ஒரு பிடி மணல், செத்த எறும்பு, இரண்டாக ஒடிந்த ஒரு ஸ்பிரிங். மழைத்தண்ணீர் உள்ளே வந்த தடம் குழியின் அடியில் பழுப்பாகத் தெரியும். அந்தக் குழியைப் பிரஷ்ஷால் துடைத்து உலரவிட்ட பிறகே புதியதை இறக்குங்கள்.

புதியதை முதலில் ஸ்க்ரூ இல்லாமல் குழிக்குள் வைத்து, சதுரக் கம்பியைப் போட்டு கையால் திருப்பிப் பாருங்கள். இலகுவாக ஓட வேண்டும். அலுமினியத்தில் பழைய ஸ்க்ரூ துளை அரித்துப் பெரிதாகியிருந்தால், 6ஆம் நம்பர் ஸ்க்ரூ இருந்த இடத்தில் 8ஆம் நம்பர் போடலாம். 3 மில்லிமீட்டர் பிட் போட்டு வழி பண்ணினால் பிடிப்பு கிடைக்கும், 4 மில்லிமீட்டரில் துளைத்தால் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் மரையிலும் கொஞ்சம் கிரீஸ் தொட்டு வையுங்கள். அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருக்கலாம். டிரில்லை வைத்து இறுக்காதீர்கள், கையாலேயே போதும். கைப்பிடி ஸ்க்ரூவை மிஞ்சி இறுக்கினால் உள்ளே வெறும் குழாயான சட்டம் நசுங்கி கியரை இறுக்கிப் பிடிக்கும். மாட்டியபிறகு கைப்பிடி கனமாகத் திரும்பினால் அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள், பாதிக் கேஸ் அதில் தீரும். சிலிண்டர் வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் ப்ளையரால் பிடித்து ஒடிக்க வசதி செய்து கொடுத்த மாதிரி.

இனி எதிர்ச் சட்டத்தில் இருக்கும் கீப்பர், அதாவது கொக்கி போய் விழும் துவாரமுள்ள தகடு. பழைய கீப்பரிலேயே புதுக் கொக்கி விழும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். கொக்கியின் முனையில் கண்மையைத் தடவி, கதவைச் சாத்தி, மெதுவாகப் பூட்டித் திறங்கள். கீப்பரில் மை எங்கே ஒட்டியிருக்கிறது? துவாரத்துக்குள் சுத்தமாகப் போயிருந்தால் விளிம்பில் மை இருக்காது. கீழ்விளிம்பில் இருந்தால் கீப்பரை இறக்குங்கள், மேல்விளிம்பில் இருந்தால் ஏற்றுங்கள். பெரும்பாலான கீப்பரில் ஸ்க்ரூ துளை நீளவட்டமாக இருக்கும், தளர்த்தி நகர்த்தலாம். கொக்கிக்கு மேலும் கீழும் ஒரு இரண்டு மில்லிமீட்டர் இடம் வேண்டும், வெயிலில் கதவு கொஞ்சம் நீளும். மல்டிபாயின்டில் ஒவ்வொரு கொக்கிக்கும் தனித்தனியாக மை வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று சரியாக விழுந்து மற்றது இடித்தால் பாரம் முழுக்க ஒரே கொக்கியில் ஏறும்.

கதவைத் தூக்க விடாமல் மேலே இருந்த அந்தப் பிளாஸ்டிக் கட்டையைத் திரும்பப் போட்டீர்களா? மறந்தால் எத்தனை கொக்கிப் பூட்டும் வீண். வெளியே நின்று கதவைத் தூக்கினாலே கொக்கி கழன்றுவிடும் வீடுகள் உண்டு.

பூட்டு கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்றால் ட்ராக்கில் அளவுக்கு வெட்டிய முக்கால் இஞ்ச் பிவிசி குழாயையோ ரப்பர் மரக் கம்பையோ படுக்க வைப்பது வழக்கம். நல்ல வழிதான், ஆனால் உள் ட்ராக்கில் ஓடும் கதவை மட்டும்தான் அது நிறுத்தும். வெளி ட்ராக் கதவின் வழி வெளியே இருக்கிறது, அங்கே கம்பு வைத்தால் திருடனே எடுத்துப் போட்டுவிடுவான். அதற்கு இரண்டு கதவும் ஒன்றன்மேல் ஒன்று வரும் நடுச்சட்டத்தில் உள்பக்கமிருந்து ஒரு ஸ்க்ரூ போட்டு இரண்டையும் பிணைக்க வேண்டும். கண்ணாடி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு, சட்டத்தின் ஓரத்தில் மட்டும்.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு மணலையும் தூசியையும் பிடித்துச் சேறாக்கும். பழைய எஞ்சின் ஆயிலும் அதே. ட்ராக்குக்கும் கொக்கிக்கும் சிலிகான் ஸ்ப்ரே, தாக்கோல் துவாரத்துக்கு கிராஃபைட் தூள், அவ்வளவுதான். டபிள்யூடி-40 இறுகியதை இளக்கத்தான், நிரந்தர மசகு இல்லை. கடலைப் பார்த்த கதவென்றால் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் கைப்பிடியையும் முகத்தட்டையும் துடைத்தால் உப்பு ஏறாது.

கழற்றிய பழைய பூட்டை ஆக்ரிக்காரரிடம் (பழைய இரும்பு வாங்குகிறவரிடம்) போட வேண்டாம். எழுதி வைத்த அளவுச் சீட்டை அதோடு ஒரு கவரில் சுற்றி, மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்துவிடுங்கள்.